நடுவர் கண்ணும் பன்றியின் காலும்

ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒருவர் பன்னி என்பார், பக்கத்து வீட்டுக்காரர் பந்தி என்பார், எல்லை தாண்டி வந்து தவிட்டு மூட்டை இறக்குபவர் ஹந்தி என்பார். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். பழைய சொற்களின் தொடக்கத்தில் இருந்த பகரம் கன்னடத்தில் ஹகரமாகிவிட்டது: பால் ஹாலு, பல் ஹல்லு, பன்றி ஹந்தி. தொல்காப்பியத்தின் மரபியல் பன்றிக்குட்டியை நாய், புலி, முயல் இவற்றின் குட்டிகளோடு சேர்த்துக் குருளை என்கிறது. ஆண் யானைக்குரிய களிறு என்ற சொல்லை ஆண் பன்றிக்கும் வழங்கலாம் என்று இசைவும் தருகிறது.

அவ்வளவு மரியாதையாக அழைக்கப்பட்ட விலங்கு இன்று சாக்கடையோரத்து வசைச்சொல்லாகிவிட்டது. அதை வளர்ப்பவர்களையும் அந்த வசை விட்டுவைக்கவில்லை. எருது விடும் விழாவுக்குக் காளையை ஒரு வருடம் போற்றி வளர்க்கும் கிருஷ்ணகிரி மாவட்டம் இது. மாட்டுக்கும் நாய்க்கும் சேவலுக்கும் அழகுப் போட்டி உண்டு. அணைப் பக்கம் பத்துப் பதினைந்து வெண்பன்றி வைத்திருக்கும் ஒருவரிடம், “கண்காட்சிக்குக் கொண்டுபோக ஆசை உண்டாண்ணா?” என்று கேட்டேன். “பன்னியப் போய் யாருங்க மேடை ஏத்துவாங்க?” என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் கொட்டிலில் நின்ற வெள்ளைப் பன்றிகளின் இனமே கண்காட்சியில் பெயர் பெற்ற இனம். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் கீத்லி என்ற ஆலை ஊரில் ஜோசப் டூலி என்ற நெசவாளி இருந்தார். தறி நேரம் போக மிச்ச நேரத்தில் பன்றி வளர்த்தவர். 1852இல் கீத்லி வேளாண் கண்காட்சிக்குத் தன் பெரிய வெள்ளைப் பன்றிகளோடு இன்னும் சிலவற்றையும் கொண்டுபோனார். அந்தச் சிலவற்றைப் பெரிய வெள்ளை வகுப்பில் சேர்க்க முடியாதபடி உருவம் குறைவு, சிறிய வெள்ளை வகுப்புக்கு அதிகம். விதிப்படி தள்ளியிருக்க வேண்டும். ஆனால் பன்றிகள் அவ்வளவு நன்றாக இருந்ததால் நடுவர்கள் கூடிப் பேசி, நடுத்தர வெள்ளை என்று புதிதாக ஒரு வகுப்பையே திறந்தார்கள். போட்டித் திடலில் ஓர் இனம் பிறந்தது. டூலியின் பெரிய வெள்ளைதான் நம்மூர் கால்நடைத் துறை ஏடுகளில் ‘பெரிய வெள்ளை யார்க்‌ஷயர்’ என்று எழுதப்படும் வெண்பன்றி.

அது ஓசூருக்கு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. மத்திகிரியில் 1824இல் ஆங்கிலேயர் குதிரைகளுக்காகத் தொடங்கிய பண்ணைதான் இன்றைய மாவட்டக் கால்நடைப் பண்ணை. 1,600 ஏக்கருக்கு மேல் பரந்தது. மாடு, ஆடு, குதிரையோடு வெண்பன்றியும் அங்கே இனப்பெருக்கத்துக்காக வளர்க்கப்படுகிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ள இந்த மேட்டின் குளிரை வெள்ளைக்காரர்கள் நேசித்ததற்கான அதே காரணம் வெள்ளைப் பன்றிக்கும் பொருந்தும். பன்றிக்கு வியர்க்காது. வியர்வைச் சுரப்பிகள் இருந்தும் உடலைக் குளிர்விக்கும் அளவுக்கு அவை வேலை செய்வதில்லை. 25 டிகிரியைத் தாண்டினால் வளர்ந்த பன்றி தீனியைக் குறைக்கத் தொடங்கும்; செரிமானமே சூடு உண்டாக்கும் வேலை என்பதால் உடல் தன்னைக் காத்துக்கொள்ள அப்படிச் செய்கிறது. சேற்றில் புரள்வதும் இதற்குத்தான். வெறும் தண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடும். சேறு ஈரத்தைப் பிடித்துவைத்து மெல்ல ஆவியாக்குவதால் குளிர்ச்சி வெகுநேரம் நிற்கும். வெளுத்த தோலுக்கு வெயில் படாத பூச்சாகவும் ஆகும். அழுக்கு விலங்கு என்று நாம் ஏசுவது அதன் குளிரூட்டும் ஏற்பாட்டைப் பார்த்துவிட்டு.

சரி, கண்காட்சிக்கு ஒரு பன்றியை எப்படி உருவாக்குவது? வேலை பிறந்த வாரத்திலேயே தொடங்குகிறது. பன்றிக்குட்டி ஏறக்குறைய 50 மில்லிகிராம் இரும்புச்சத்தோடு பிறக்கிறது. வளரும் வேகத்துக்கு நாளொன்றுக்கு 7 மில்லிகிராம் வேண்டும். தாய்ப்பாலில் கிடைப்பதோ சுமார் 1 மில்லிகிராம். காட்டில் பிறந்த குட்டி மண்ணை மூக்கால் உழுது கொஞ்சம் இரும்பைச் சேர்த்துக்கொள்ளும். ஓசூர்ச் செம்மண்ணின் சிவப்பே இரும்பின் நிறம்தான். சிமென்ட் தரையில் பிறந்த குட்டிக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. முதல் சில நாளுக்குள் இரும்புச்சத்து ஊசி போடாவிட்டால் குட்டி வெளிறிப்போய், மூச்சு வாங்கி, பால்குடி மறக்கும் முன்னே பின்தங்கிவிடும். அப்படிப் பின்தங்கியதைப் பிறகு எந்தத் தீவனம் போட்டும் திடலுக்குத் தயார் செய்வது கடினம்.

அடுத்து தீனி. இங்கே அறிவியல் ஓர் அழகான கதை வைத்திருக்கிறது. நியூசிலாந்திலிருந்து கேம்பிரிட்ஜ் வந்து ஜான் ஹாமண்டிடம் ஆய்வு செய்த மெக்மீக்கன் 1940இல் ஒரு சோதனையை வெளியிட்டார். பன்றிகளை நான்கு கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்கு 16 வாரம் வரை நிறையத் தீனி, அதன்பின் குறைவு. இன்னொன்றுக்கு முதலில் குறைவு, பிறகு நிறைய. மற்ற இரண்டில் ஒன்று கடைசிவரை நிறைய, மற்றது கடைசிவரை குறைவு. நான்கையும் ஒரே எடைக்கு, அதாவது 200 பவுண்டுக்கு, கொண்டுவந்து அறுத்துப் பார்த்தார். எடை ஒன்றுதான்; உள்ளே உடல் வேறு வேறு. முதலில் நிறைய உண்டு பின்னர் குறைத்துக்கொண்டவற்றில் தசை ஓங்கியிருந்தது. முதலில் பட்டினி, பிறகு விருந்து என்று வளர்ந்தவற்றில் கொழுப்பு மண்டியிருந்தது. காரணம், உடல் தன் கட்டடத்தை ஒரு வரிசையில் எழுப்புகிறது: முதலில் எலும்பு, பிறகு தசை, கடைசியில் கொழுப்பு. தசை எழும் மாதங்களில் தீனி இல்லாவிட்டால் அந்த அலை கடந்துபோய்விடும். பின்னால் கொட்டும் தீனி அப்போது எந்த அலை எழுகிறதோ அதில்தான் போய்ச் சேரும். கண்காட்சிக்குக் கடைசி இரண்டு மாதம் மட்டும் பன்றியை ஊட்டி ஊட்டி வளர்ப்பவர் கொழுப்பைத்தான் மேடையேற்றுகிறார்.

எவ்வளவு தீனி என்பதோடு எந்தத் தீனி என்பதும் சேர வேண்டும். கிருஷ்ணகிரி ராகி நாடு. ராகி மாவும் கடலைப் புண்ணாக்கும் கலந்து வைத்தால் நல்ல தீவனம் என்றுதான் யாருக்கும் தோன்றும். புண்ணாக்கில் புரதம் 45 சதவீதம் அளவுக்கு இருக்கிறது. ஆனால் புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. அவற்றில் லைசின் தீர்ந்துபோனால் மற்றப் பத்தொன்பதும் கையில் இருந்தும் தசை கட்ட முடியாது. கைப்பிடிச் சுவர் வரை எல்லாப் பொருளும் வந்து இறங்கி, சிமென்ட் மட்டும் வராத வீட்டு வேலை போல. தானியங்கள் எல்லாவற்றிலும் லைசின் குறைவு, ராகியிலும் குறைவு, கடலைப் புண்ணாக்கிலும் போதாது. எனவே ராகியோடு கடலைப் புண்ணாக்கைச் சேர்ப்பது ஒரு குறையோடு அதே குறையைச் சேர்ப்பது. சோயாப் புண்ணாக்கிலோ கருவாட்டுத் தூளிலோ அந்தக் குறை தீர்கிறது. இந்த வட்டாரத்துக்கு இன்னொரு செல்வம் உண்டு: பட்டு. நூல் எடுத்தபின் மிஞ்சும் கூட்டுப்புழுவைக் காயவைத்தால் பாதிக்கு மேல் புரதம். லைசினும் அதில் தாராளம். எண்ணெய் மிகுந்த பொருள் என்பதால் கெட்டுப்போகாமல் எண்ணெய் நீக்கிக் கொடுக்க வேண்டும். மல்பெரித் தோட்டங்களுக்கு நடுவே பன்றி வளர்ப்பவர்கள் வெளியூர்ச் சோயா விலையைப் பார்த்து ஏங்கும் முன் பக்கத்து நூற்பு ஆலையை ஒரு முறை எட்டிப்பார்க்கலாம். கடலைப் புண்ணாக்கில் பூசணம் பிடித்திருந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி எறியுங்கள். அந்தப் பூசண நஞ்சு ஈரலைத் தாக்கும்.

எடை போடத் தராசு இல்லை என்பார்கள். ஒரு டேப் போதும். முன்னங்கால்களுக்குப் பின்னே நெஞ்சைச் சுற்றி ஓர் அளவு. இரு காதுகளுக்கு நடுவிலிருந்து வால் அடி வரை முதுகோடு ஓர் அளவு. இரண்டையும் மீட்டரில் எடுத்து, நெஞ்சளவை அதே அளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, கடைசியில் 69.3ஆல் பெருக்கினால் எடை கிலோவில் வரும். நெஞ்சு 1 மீட்டர், நீளம் 1.1 மீட்டர் என்றால் ஏறக்குறைய 76 கிலோ. வாரம் ஒரு முறை நோட்டில் எழுதி வந்தால் வளர்ச்சி எந்த வாரத்தில் தொய்ந்தது என்று தெரியும். அந்த வாரம் என்ன நடந்தது என்று தேடலாம்.

நடைப் பயிற்சிதான் பார்ப்பவர் மனதைக் கொள்ளை கொள்ளும் பகுதி. மாட்டைப் போலப் பன்றியை மூக்கணாங்கயிறு போட்டு இழுத்துவர முடியாது. தலையைவிடக் கழுத்து பருத்தது என்பதால் கழுத்துக் கயிறும் நிற்காது. அது தானாக நடக்க வேண்டும். நாம் பக்கவாட்டில் நின்று ஒரு மெல்லிய குச்சியால் தோளைத் தொட்டுத் திசை சொல்ல வேண்டும். அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய 310 டிகிரி சுற்றளவைப் பார்க்கும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. அங்கே நின்று அதட்டினால், காணாத இடத்திலிருந்து வரும் குரலுக்குப் பயந்து திரும்பிவிடும். தரையில் விழும் நிழல், மின்னும் தண்ணீர்த் தேக்கம், வேலியில் ஆடும் துணி இவை போதும், நடந்துகொண்டிருந்த பன்றி நட்டுவைத்தது போல் நிற்கும். அடித்து நகர்த்துபவர் அங்கே தோற்றுப்போகிறார். தினமும் மாலையில் கால் மணி நேரம், ஒன்றிரண்டு மாதம் நடத்திப் பழக்கினால் அந்தப் பயம் கழன்றுவிடும். ஆஸ்திரேலியாவில் பால் ஹெம்ஸ்வொர்த் 1980களில் செய்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: அடி, உதை, அதட்டல் வாங்கும் பன்றிகள் மனிதரைக் கண்டாலே மன அழுத்தச் சுரப்பு ஏறி, அதே தீனியில் குறைவாக வளர்கின்றன, குட்டியும் குறைவாக ஈனுகின்றன. தட்டிக்கொடுக்கும் கை எடையாகவே திரும்பி வருகிறது.

குளிப்பாட்டும் இடத்தில் கெலவரப்பள்ளிக்காரர்களுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. தென்பெண்ணை இங்கே வந்து சேரும்போது அதில் பெங்களூருவின் பாதிச் சலவைத் தொட்டி கலந்திருப்பது போல இருக்கிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவு இந்த ஆற்றில்தான் வந்து விழுகிறது. அணை மதகில் தண்ணீர் குதிக்கும்போது ஆளுயர நுரை எழுந்து, காற்றில் பறந்து, வயல்வரை வருவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சோப்பின் மூலக்கூறுக்கு ஒரு முனை நீரைப் பிடிக்கும், மறுமுனை எண்ணெயைப் பிடிக்கும். அது தண்ணீரின் மேல்படலத்தை இளக்கிவிடுவதால் கொஞ்சம் காற்று புகுந்தாலே குமிழி நிலைத்து நிற்கிறது. அதே மூலக்கூறு தோலின் எண்ணெய்ப் படலத்தையும் உரித்தெடுக்கும். அதன் கூடவே வருவது சாக்கடைக் கிருமிகள். பளபளவென்று நுரைக்கிறதே என்று அந்தத் தண்ணீரில் கண்காட்சிப் பன்றியை இறக்காதீர்கள். கிணற்று நீர், மென்மையான சோப்பு, நார் பிரஷ், துவட்டியபின் நிழல். அவ்வளவுதான் அலங்காரம். நம் ஊருக்குக் குடிக்கவும் பாசனத்துக்கும் வரும் ஆற்றில் ஒரு பன்றியைக் கழுவக்கூட முடியவில்லை என்பது எனக்கு ஆறாத வேதனை.

இவ்வளவும் வளர்ப்பவர் கையில் இருப்பவை. இனி நடுவர் கையில் இருப்பது. இந்தப் பகுதியை எழுதத்தான் நான் உட்கார்ந்தேன்.

கண்காட்சி நடுவர் கண்ணால் பார்க்கிறார். கண்ணுக்குப் பிடித்தது பரிசு பெறுகிறது, பரிசு பெற்றதன் குட்டிக்கு விலை ஏறுகிறது, விலை ஏறியதை எல்லோரும் இனப்பெருக்கத்துக்கு வாங்குகிறார்கள். பத்துத் தலைமுறையில் கண்ணுக்குப் பிடித்தது இனமாகிவிடுகிறது. பன்றியில் தலைமுறை சீக்கிரம் புரளும். சினைக்காலம் 114 நாள்தான். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் கொழுத்த பன்றிதான் அழகு. கண் இமை திறக்க முடியாமல், நிற்க முடியாமல் கிடந்தவற்றுக்குப் பரிசு கொடுத்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் சுவை மாறியது: கொழுப்பற்ற, தொடை புடைத்த, மல்லன் போன்ற பன்றிக்கு மாலை விழுந்தது. அப்போதுதான் ஒரு விசித்திரம் தலைகாட்டியது. அழகான, தசை திரண்ட பன்றிகள் லாரியில் ஏற்றும்போதும் புதிய கூட்டத்தோடு சண்டையிடும்போதும் திடீரென்று விறைத்து, உடல் கொதித்து, மூச்சிரைத்துச் செத்துவிழுந்தன. தப்பிப் பிழைத்து வெட்டப்பட்டவற்றின் இறைச்சி வெளிறி, தளர்ந்து, நீர் கக்கியது. 1968இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதற்குப் பன்றி அழுத்த நோய் என்று பெயர் வைத்தார்கள்.

தொடர்பு கிடைத்தது மனித மருத்துவத்திலிருந்து. 1960களின் தொடக்கத்தில் மெல்போர்னில் டென்பரோ என்ற மருத்துவர், மயக்க மருந்து கொடுத்ததும் சிலருக்கு உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறி உயிர் போவதை விவரித்திருந்தார். அதே மயக்க வாயுவான ஹாலோதேனைச் சில நிமிடம் முகர வைத்தால் இந்த மல்லன் பன்றிகளும் அதே மாதிரி விறைத்தன. 1975இல் கேப் டவுனில் ஹாரிசன் என்பவர் டான்ட்ரோலீன் என்ற மருந்தைப் பன்றிகளில் முயன்று காப்பாற்றிக் காட்டினார். இன்றும் அறுவைச் சிகிச்சைக் கூடங்களில் அந்த ஆபத்துக்கு வைத்திருக்கும் மருந்து அதுதான். 1991இல் டொரன்டோவின் மெக்லெனன் குழு மூலக் காரணத்தைக் கண்டுபிடித்தது. தசைச் செல்லுக்குள் கால்சியத்தைத் திறந்துவிடும் ஒரு மதகு இருக்கிறது. கால்சியம் வந்தால் தசை இறுகும், மதகு மூடினால் தளரும். அந்த மதகைக் கட்டும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அழுத்தம் வந்ததும் மதகு திறந்து, மூட மறுக்கிறது. தசை இறுகிக்கொண்டே இருந்து சூட்டையும் அமிலத்தையும் கக்குகிறது. ஐந்து முக்கிய இனங்களில் ஒரே மாற்றம், அதைச் சுற்றிலும் ஒரே மரபுப் பாங்கு. எங்கோ ஒரு மூதாதைப் பன்றியில் தோன்றியது இது.

ஏன் அது அவ்வளவு பரவியது? பிழையான பிரதி ஒன்று மட்டும் உள்ள பன்றிக்கு நோய் வராது. கொழுப்புக் குறைந்து தசை கொஞ்சம் கூடும். கால்சியம் கசிந்து ஓயாமல் சின்னச் சின்னதாய்த் துடிக்கும் தசை, உடற்பயிற்சி செய்தது போலப் புடைக்கிறது என்று விளக்குகிறார்கள். அந்தப் புடைப்பைத்தான் நடுவர் கண் தேடியது. அழகு என்று கை நீட்டியபோதெல்லாம் நோயையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். மரபணுச் சோதனை வந்தபின்தான் பல நாடுகள் அதை மந்தைகளிலிருந்து களைந்தன.

நம்மிடம் பன்றிக் கண்காட்சி இன்னும் பெரிய வழக்கமாகவில்லை என்பது இந்த இடத்தில் நல்லதாகவே போயிற்று. பிறர் செய்த பிழையைச் செய்யாமல் தொடங்கலாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் காட்டுப்பாக்கத்தில் 75 சதவீதம் பெரிய வெள்ளையும் 25 சதவீதம் நாட்டுப் பன்றியும் கலந்து ‘டானுவாஸ் கேபிஎம் கோல்டு’ என்ற ரகத்தை உருவாக்கியிருக்கிறது. நாட்டின் பிற பகுதிகளில் வங்கத்தின் குங்ரூ, மேகாலயாவின் நியாங் மேகா, கோவாவின் அகோண்டா போன்றவை நாட்டினங்களாகப் பதிவாகியுள்ளன. இவற்றை ஒரு திடலில் நிறுத்தி மதிப்பிட வேண்டுமானால் நடுவர் பார்வை தொடையில் தொடங்கக் கூடாது. முதலில் கால். கணுக்காலில் மெல்லிய சரிவு இருந்தால் சிமென்ட் தரையின் அதிர்வை அது தாங்கும். செங்குத்தாக நிற்கும் கால் சில ஈற்றுக்குள் நொண்டும். பெண் பன்றியானால் மடிக்காம்புகள்: இரு பக்கமும் ஆறாறாவது வேண்டும், எல்லாம் பால் சுரப்பவையாக, சம இடைவெளியில் இருக்க வேண்டும். பிறகு நடை, மூச்சு, அமைதி. கையில் வளர்ச்சி நோட்டு வேண்டும்: எத்தனை நாளில் எத்தனை கிலோ, அதற்கு எவ்வளவு தீனி, தாய் எத்தனை குட்டி ஈன்று எத்தனையைக் காப்பாற்றியது. பாதி மதிப்பெண்ணை நோட்டுக்குக் கொடுங்கள். அப்போது கொட்டிலே கதியென்று கிடக்கும் எளிய வளர்ப்பாளரும், தூய ரத்தம் வாங்கக் காசுள்ளவரும் ஒரே கோட்டில் நிற்பார்கள்.

திடல் என்பது நோய்க்கும் திடல்தான். 2012இல் அமெரிக்காவில் 300 பேருக்கு மேல் பன்றியிலிருந்து வந்த ஒரு வகை ஃபுளூ தொற்றியது. பெரும்பாலானோர் வேளாண் கண்காட்சிகளில் பன்றிகளின் பக்கம் நின்றவர்கள். அதன்பின் பன்றிகளைத் திடலில் 72 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்ற அறிவுரை பரவியது. நமக்குப் பெரிய அச்சம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். மனிதரைத் தொடாது, பன்றியைத் தொட்டால் விடாது. மருந்தில்லை. 2020இல் அசாமிலும் அருணாசலிலும் தொடங்கி, 2022இல் வயநாடு, 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டுப்பன்றிகள் என்று மேற்குமலைவரை வந்துவிட்டது. ஓசூர்க் காட்டோரம் காட்டுப்பன்றி நடமாட்டம் நமக்குத் தெரிந்ததே. அந்த வைரஸ் இறைச்சித் துண்டில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சிப்காட் கேன்டீன் மிச்சத்தையும் ஓட்டல் மிச்சத்தையும் பன்றிக்குக் கொடுப்பவர்கள் அதை அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறவைத்துத்தான் வைக்க வேண்டும். இதில் சோம்பல் கூடவே கூடாது.

எனவே அண்ணா, உங்கள் பன்றியை மேடையேற்றுங்கள். ஏற்றுவதற்கு முன் வழக்கமான பன்றிக் காய்ச்சலுக்கான (ஆப்பிரிக்கக் காய்ச்சல் வேறு) தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் கொடுத்து முடித்திருங்கள். வீடு திரும்பியதும் பரிசு வாங்கியதோ வாங்காததோ, மந்தையோடு உடனே சேர்க்காமல் மூன்று வாரம் தனிக் கொட்டிலில் வையுங்கள். அந்தக் கொட்டிலுக்கு வேறு வாளி, வேறு செருப்பு.